அன்புக் கணவரும்

யட்டவத்த
2 ஜூலை 2024

சதீஸ்குமார் மச்சானுக்கு,

என் புருஷனுக்கு நீங்கள் ஒரு வாழைக்கன்றைக் கட்டிவைத்து, அதன் பிறகுதான் மண்ணுக்குள் அனுப்பினீர்கள்.

நான் பார்த்தேன். கண்டி ஆஸ்பத்திரியில் காலில் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்த நிலையில், பக்கத்துக் கட்டில் அம்மாவின் போனில் பார்த்தேன். என் போன் எங்களை இடித்த டிப்பர் லொறியின் சில்லுக்குள் போய்விட்டது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து நீங்களே நேரலை போட்டிருந்தீர்கள். உதயாவின் தலைமாட்டில் வாழைக்கன்று, அதற்கு ஒரு சிவப்புச் சேலை. உங்கள் மாமா ஒருவர் உதயாவின் விரலைப் பிடித்து மஞ்சள் கயிற்றில் தொடவைத்து, அதைக் கன்றில் கட்டினார். பிறகு கன்றை வெட்டித் தள்ளினார்கள். அந்தச் சிங்கள அம்மா எட்டிப் பார்த்து, "மேக மகுலக்த துவே?" என்று கேட்டாள். இது கல்யாணமா மகளே என்று. சேலையைக் கண்டதும் அப்படி நினைத்துவிட்டாள். நான் ஆமென்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது?

கல்யாணமாகாமல் சாகிற ஆம்பிளையை இப்படிச் செய்துதான் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் ஆவி அலையும் என்று உங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருப்பதை உதயா ஒரு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாத்தளையில் பதிவாளர் கந்தோரில் முதல் சாட்சியாகக் கையெழுத்து வைத்தது நீங்கள். அன்று கொத்துரொட்டி வாங்கித் தந்து, "சண்ட போட்டீங்கன்னா ரெண்டு பேரும் எங்கிட்டதான் வரணும்" என்று சொன்னதும் நீங்கள்.

அடுத்தது அந்தப் பேஸ்புக் பக்கம். 'உதயராஜ் நினைவலைகள்'. அதில் நீங்கள் போட்ட கண்ணீர் அஞ்சலி: "அன்னார், காலஞ்சென்ற சிவசாமி, கிருஷ்ணம்மா ஆகியோரின் அன்பு மகனும், சதீஸ்குமார், கலாராணி ஆகியோரின் பாசமிகு சகோதரருமாவார்." அவ்வளவுதான். நான் ஸ்டூடியோவில் வேலை செய்கிறவள் என்பதை மறந்துவிட்டீர்களா? மாத்தளையில் செத்தவர்களில் பாதிப் பேருக்கு அஞ்சலி அட்டையில் மேகமும் புறாவும் வைத்துக் கொடுத்தவள் நான். அந்த அட்டையின் மாதிரியில் 'அன்புக் கணவரும்' என்ற வரி எப்போதும் இருக்கும். தானாக விடுபடாது. யாராவது பார்த்து, தொட்டு, அழித்தால்தான் போகும்.

அதன் கீழே 'நான் அவருடைய மனைவி' என்று எழுதினேன். அழித்தீர்கள். திரும்ப எழுதினேன். போலிக் கணக்கு, காசுக்கு வந்தவள் என்று நாலு பேர் திட்டினார்கள். நீங்கள் அந்தத் திட்டுகளை விட்டுவைத்துவிட்டு என்னைத் தடுத்தீர்கள். வாட்ஸ்அப்பும் போகவில்லை, அழைப்பும் போகவில்லை. தபால்காரரை உங்களால் தடுக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். என் புருஷனுக்காக அழுகிற உரிமை எனக்கு இருக்கிறது என்று ஊருக்குத் தெரியவேண்டும். உதயராஜின் மனைவி நுஸ்ரா என்று அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

உதயராஜின் மனைவி
நுஸ்ரா


மாத்தளை
9 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி நுஸ்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால் எப்படி இருக்கிறது? கம்பு ஊன்றி நடக்கிறாயா? யட்டவத்தையில் தனியாக அந்த அறையில் எப்படிச் சமாளிக்கிறாயோ என்று அம்மா தினமும் கேட்கிறார். போனில் எழுதாமல் நானும் கடிதமே எழுதுகிறேன். போனில் எழுதுவது ஒருவரோடு நிற்காது, நாளைக்கே படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்புகிற காலம்.

நீ கோபப்படுவது நியாயம். ஆனால் அன்று வீடு இருந்த நிலை உனக்குத் தெரியாது. பிரேதப் பரிசோதனை முடிந்து தம்பியைக் கொண்டுவந்து இறக்கியபோது பெரியவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள ஒத்தையில போகக் கூடாதுடா" என்று ஒரே அழுகை. நான் பதிவெழுதியதைச் சொன்னேன். "அது கவர்மெண்டுக்கு எழுதுன கல்யாணம். சாமிக்குத் தெரியாது" என்று மாமா சொல்லிவிட்டார். பெற்ற தாய் காலடியில் கிடக்கும்போது நான் சட்டம் பேசவா?

அஞ்சலி அட்டையைக் கண்டியில் ஒருவர் செய்தார். அவசரத்தில் விடுபட்டிருக்கும். உன்னைத் தடுத்தது உன் நல்லதற்குத்தான். நீ எழுதியதும் உங்கள் ஆட்களைப் பற்றி என்னென்னவோ எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சொல்லில் ஊர் பற்றிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாததா? நீ அதையெல்லாம் வாசிக்கவேண்டாம் என்றுதான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும். உன் பெயரை நானே எழுதுகிறேன். இது என் வாக்கு.

யட்டவத்த பஸ் கண்டக்டரிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். அம்மா சுட்ட முறுக்கும், காலுக்குத் தடவ எண்ணெயும்.

உன் அண்ணன்
சதீஸ்


யட்டவத்த
24 ஜூலை 2024

மச்சானுக்கு,

நேற்றுக் காலை என் புருஷன் என்னை நண்பர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். அவர் செத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

உதயாவின் கடையில் திருத்தக் கொடுத்துவிட்டு யாரோ எடுக்க வராத ஒரு பழைய போனைத்தான் இப்போது பாவிக்கிறேன். காலையில் எழுந்ததும் அவருடைய கணக்கைத் திறந்து பார்ப்பேன். அதைத்தான் நான் அவருக்குச் செய்கிற காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுத் திறந்தால் எனக்கு மூடியிருந்தது. ஸ்டூடியோவில் கூட வேலை செய்கிற பிள்ளையின் போனை வாங்கிப் பார்த்தேன். 'மணமானவர்' என்றிருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ரிவர்ஸ்டன் காற்றில் என் முந்தானை அவர் முகத்தை மூடிய படம், அவருக்கு அவ்வளவு பிடித்த படம், இல்லை. முகப்பில் திருநீறு பூசிய பழைய படம், கோயில் திருவிழாவில் எடுத்தது. இரண்டு வருஷத்தையும் உரித்து எடுத்தாயிற்று.

விபத்தில் அவருடைய போன் தப்பியது. பொலிஸ் அதை உங்களிடம் தந்தது. அதைத் திறக்கிற எண் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. செத்தவருடைய விரலைப் பிடித்து வாழைக்கன்றில் வைத்தீர்கள். இப்போது அதே விரலால் என்னை அழிக்கிறீர்கள்.

முப்பத்தோராம் நாள் முடிந்துவிட்டது. நினைவலைகள் பக்கத்தையும் அந்தப் பிள்ளையின் போனில் பார்த்தேன், பாயாசப் படமும் பந்திப் படமும் வந்திருந்தன. என் பெயர் வரவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். எங்களை இடித்த டிப்பரின் முதலாளி வந்து 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று எழுதிக் கும்பிடு போட்டிருக்கிறார். அவருடைய சாரதி மறுநாளே பிணையில் வந்து இப்போதும் மண் ஏற்றுகிறான். அந்த முதலாளியை நீங்கள் தடுக்கவில்லை. 'நன்றி ஐயா' என்று பதில் போட்டிருக்கிறீர்கள்.

என் பக்கத்தையும் கேளுங்கள். வாப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். உம்மா மட்டும் வாப்பாவுக்குத் தெரியாமல் வந்து சமைத்துத் தருகிறா. நான் இத்தா இருக்கப்போகிறேன், நாலு மாதம் வீட்டோடு இருந்து துக்கம் காக்கப்போகிறேன் என்று சொன்னேன். உம்மா அழுதுகொண்டே, "நிக்காஹ் இல்லாத கலியாணத்துக்கு இத்தா எங்க மகள்?" என்றா. உங்கள் வீட்டில் அவர் கல்யாணமாகாத பிள்ளை. எங்கள் வீட்டில் நான் இன்னும் கட்டிக்கொடுக்காத குமர். அப்படியானால் இந்த அறையில் இரண்டு வருஷம் வாடகை கட்டிக் குடியிருந்தது யார் என்று யாராவது சொல்லுங்கள்.

பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் தங்கச்சி என்று கூப்பிடலாம். தம்பி பெண்டாட்டி என்று எழுதுங்கள், அது ஒருத்தியைத்தான் குறிக்கும்.

நுஸ்ரா


மாத்தளை
5 ஆகஸ்ட் 2024

அன்பு நுஸ்ராவுக்கு,

பார்சல் திரும்பி வந்ததை அம்மா பார்த்துவிட்டார். போகட்டும், உன் மனது அப்படி.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? போனை நான்தான் திறந்தேன். காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு. கலாராணிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. சுந்தரலிங்கம் வாத்தியாரின் மகன். நல்ல பிள்ளை, அரசாங்க உத்தியோகம். கலாவுக்கு வயது இருபத்தொன்பது, உனக்குத் தெரியும். இந்தக் காலத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே எல்லாரும் பேஸ்புக்கைத்தான் பார்க்கிறார்கள். வாத்தியார் குடும்பம் பழைய ஆசாரம் பார்க்கிற குடும்பம். மூத்தது ஒன்று மதம் மாறிக் கட்டியது என்று தெரிந்தால் அப்படியே எழுந்து போய்விடுவார்கள். நீ மதம் மாறவும் இல்லை, அவனும் மாறவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் சனத்துக்கு அதெல்லாம் ஒன்றுதான்.

தையில் கல்யாணம். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லாப் படத்தையும் நானே திரும்பப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன்னுடைய கணக்கில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படங்கள் இன்னும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கின்றன. அழிக்கச் சொல்லவில்லை. மறைத்து மட்டும் வை. தம்பி இருந்திருந்தால் தங்கச்சிக்காக இதைச் செய்திருப்பான். அவன் சார்பில் கேட்கிறேன்.

அன்புடன்
சதீஸ்


யட்டவத்த
19 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுப் படங்களை மறைத்தேன். உண்மையாகவே மறைத்தேன். ஒவ்வொன்றாக, 'நான் மட்டும்' என்று மாற்றினேன். கலா உதயாவுக்கு எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக என்றால் தை வரைக்கும் இல்லாதவளாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

நேற்றுக் கலா வந்தாள். தையல் வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். படியேறி வந்ததும் என் காலைப் பார்த்துவிட்டு அழுதாள். நான் அவளுடைய சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டு, பயப்படாதே, என்னால் ஒன்றும் கெடாது, படங்களை எடுத்துவிட்டேன் என்றேன். அவள் முழித்தாள்.

"எதுக்கு அண்ணி எடுத்தீங்க? அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

வாத்தியார் மகன் உதயாவின் கடைக்குப் போன் திருத்த வருகிறவராம். நோன்புக் காலத்தில் ஒரு நாள் இந்த அறைக்கே வந்து என் கையால் கஞ்சி குடித்திருக்கிறார். கலா சொன்னதும் எனக்கு முகம் ஞாபகம் வந்தது, கண்ணாடி போட்ட, வெட்கப்படுகிற பிள்ளை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவங்கப்பா கேட்டாரு, மருமக எங்கம்மா, ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாளான்னு. சதீஸண்ணன்தான் டீ ஆறுதுன்னு பேச்ச மாத்திட்டாரு" என்றாள்.

அப்படியானால் எதற்கு என்று கேட்டேன். அவள் தன் போனை எடுத்து அந்த நினைவலைகள் பக்கத்தைக் காட்டினாள். எனக்குத்தான் அது அடைத்திருக்கிறதே. மேலே உதயா இல்லை. நீங்கள். பட்டுவேட்டி, சால்வை, கும்பிட்ட கை. 'கோயில் பரிபாலன சபைத் தலைவர் பதவிக்கு, பரம்பரைச் சைவக் குடும்பத்தின் வழித்தோன்றல் சி. சதீஸ்குமார் அவர்களை ஆதரிப்பீர்.' மூலையில் தபால்தலை அளவில் உதயா, 'அமரர் உதயராஜின் அண்ணன்' என்று கீழே எழுத்து. அந்த நேரலையைப் பார்த்து அழுது பின்தொடரத் தொடங்கிய பத்தாயிரம் பேரும் இப்போது உங்கள் வாக்காளர்கள்.

மாமியின் அழுகை என்றீர்கள். நம்பினேன். கலாவின் கல்யாணம் என்றீர்கள். நம்பி, என் கையாலேயே என்னை மறைத்தேன். பெற்ற தாயையும் கூடப் பிறந்தவளையும் முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் நின்று ஒரு நாற்காலிக்காகத் தம்பியைப் பிரமச்சாரியாக்கியிருக்கிறீர்கள். வாத்தியார் குடும்பம் பழைய ஆசாரம் என்று எழுதினீர்களே, அந்த மனிதர் என்னை மருமகள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். பக்கத்தில் என் பெயர் வராவிட்டால் பதிவுச் சான்றிதழை நானே என் கணக்கில் போடுவேன். சாட்சிக் கையெழுத்துத் தெளிவாகத் தெரியும்.

நுஸ்ரா


மாத்தளை
27 ஆகஸ்ட் 2024

நுஸ்ரா,

போட்டுவிட்டாய். சந்தோஷமா?

என் கடை வாசலில் ஆள் கூடிவிட்டது. 'துலுக்கச்சிக்குச் சாட்சி வெச்சவன் கோயிலுக்குத் தலைவனா' என்று கேட்கிறார்கள். நேற்று என் பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். அந்தத் தாளில் கையெழுத்து வைத்தபோது என் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் வைத்தேன், உன் முகத்தைப் பார்த்து அல்ல.

நினைவலைகள் பக்கத்தை எடுத்துவிட்டேன். அவனுடைய சொந்தக் கணக்கையும் அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இனி அங்கே என் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை. எங்களுக்கும் உனக்கும் இதோடு தீர்ந்தது.

சி. சதீஸ்குமார்


யட்டவத்த
10 செப்டெம்பர் 2024

மச்சானுக்கு,

என் பெயரை எழுதுவதைவிட அவரையே அழிப்பது உங்களுக்கு லேசாக இருந்திருக்கிறது.

என்ன போயிற்று என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் அதையெல்லாம் பார்த்ததில்லை. போன் திருத்துவது எப்படி என்று அவர் கடையிலிருந்து போட்ட காணொளிகள் போயின. 'சார்ஜ் ஏறலன்னா ஒடனே காசு செலவழிக்காதீங்க, மொதல்ல ஊசியால தூசிய எடுங்க' என்று ஊருக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்து, தானே தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட மனிதர். பின்னால் நான் சிரிக்கிற சத்தம் கேட்கும். அவருடைய குரல் என்று உலகத்தில் இருந்தது அது மட்டும்தான். மனம் மாறினால் கணக்கைக் கொஞ்ச நாளைக்குள் மீட்கலாமாம். மீட்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். உங்கள் கையில் இருக்கும்வரை அவர் என்னை மறுபடியும் விலக்குவார்.

திட்டுகளையும் வாசித்தேன். உங்களைக் கேட்டவர்களும் என்னைத் திட்டியவர்களும் ஒரே ஆட்கள்தான். அவர்களுக்குப் பயந்துதான் இவ்வளவும் செய்தீர்கள். கடைசியில் அவர்கள் உங்களையும் விடவில்லை. அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

பெயரை எழுதச் சொல்லி இனிக் கேட்கவில்லை. எழுத இடமும் இல்லை. வேறொன்று கேட்கிறேன்.

அன்றைய நேரலை உங்கள் தெரு முனையோடு நின்றுவிட்டது. பாடை திரும்பியது, தப்பு மேளச் சத்தம் கேட்டது, படம் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அதனால் கலாவுக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. போன ஆம்பிளைகளில் இரண்டு பேரைக் கலாவைக் கொண்டு கேட்கவைத்தேன். "அண்ணன்கிட்ட கேளு" என்றார்களாம்.

போன சனிக்கிழமை கம்பு ஊன்றிக்கொண்டு நானே மயானத்துக்குப் போனேன். காவல்காரர் நல்ல மனிதர். "ஜூன் மாசம் கொஞ்சப் பேரா வந்தாங்க? பலக நட்டாத்தானே நமக்கும் தெரியும், நோனா" என்றார். பின்பக்கம் பற்றையை வெட்டி ஒதுக்கிய இடத்தில் பெயரில்லாத மேடுகள் பல கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்றேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் யாரோ ஒருவருடைய மேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் யாரென்று தெரியாது.

எது என்று எழுதுங்கள். ஒரு வரி போதும்.

நுஸ்ரா


யட்டவத்த
3 நவம்பர் 2024

மச்சானுக்கு,

இரண்டு மாதமாகிறது. கடிதம் உங்கள் கைக்கு வந்ததாகக் கலா சொன்னாள். வாசித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்களாம்.

மழை பிடித்துவிட்டது. இங்கே நாலு நாளாக விடாமல் பெய்கிறது. காவல்காரருக்கு அழைத்துக் கேட்டேன். புது மேடுகள் அமுங்கத் தொடங்கிவிட்டன, புல்லும் மூடுகிறது என்றார். இன்னும் ஒரு மழை போனால் எது மேடு எது தரை என்று உங்களுக்கே அடையாளம் தெரியாது. அதற்கு முன்னால் எழுதுங்கள்.

எந்த வரிசை? எந்த மரத்துக்குப் பக்கம்? அவருடைய தலை எந்தப் பக்கம் இருக்கிறது?

நுஸ்ரா